வாட்டில் தொடங்கும் அமைதி

ஒரே திரைப்படம், ஒரே 4கே தரம். கைபேசியில் ஓடும்போது சத்தமே இல்லை. அதற்குள் விசிறி என்று ஒன்று கிடையாது. அதே படத்தைத் தொலைக்காட்சிக்குக் கீழே வைத்திருக்கும் கணினியில் ஓட்டினால், பத்து நிமிடத்தில் உள்ளே விசிறி வேகமெடுத்து இரையத் தொடங்குகிறது. கைபேசியைவிடக் கணினி பல மடங்கு வலிமையானது. உள்ளே இடமும் தாராளம். பிறகு ஏன் அதற்கு மட்டும் மூச்சு வாங்குகிறது?

வீட்டில் திரையரங்கு அமைப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சண்டைக் காட்சியில் விசிறியின் இரைச்சல் யாருக்கும் கேட்காது. ஆனால் நல்ல படங்கள் அமைதியையும் ஒரு கருவியாகப் பயன்படுத்துகின்றன. கமல்ஹாசன் நடித்து 1987-இல் வந்த ‘பேசும் படம்’ முழுக்க வசனமே இல்லாதது. சின்னச் சின்ன ஓசைகள்தான் கதையை நகர்த்துகின்றன. அப்படிப்பட்ட படத்தின் மேல் கணினியின் இரைச்சல் படர்வது, ஓவியத்தின் மேல் தூசி படிவதற்குச் சமம். அதனால்தான் பலர் கணினி வாங்கும்போது ‘சைலண்ட்’ என்று அச்சிட்ட விசிறியையும், உள்ளே நுரைப்பஞ்சு ஒட்டிய கேபினட்டையும் தேடிப் போகிறார்கள். அங்கே தொடங்குவது தவறான முனை என்பது என் உறுதியான கருத்து. இரைச்சல் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. முதல் கண்ணி மின்சாரம்: எத்தனை வாட் உள்ளே போகிறதோ, அத்தனை வாட்டும் வெப்பமாகி வெளியே வந்தாக வேண்டும். அந்த வெப்பத்தைத் தள்ளுவதற்குக் காற்று வேண்டும். காற்றை நகர்த்துவதற்கு நாம் கொடுக்கும் விலைதான் சத்தம்.

முதலில் எதை அமைதி என்கிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் மிக நுண்ணிய ஏற்ற இறக்கம். நல்ல காது பிடிக்கக்கூடிய மிக மெல்லிய ஒலியில், காற்று முன்னும் பின்னும் அசையும் தொலைவு ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. அந்த எல்லையைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு மேலே ஏறும் அளவுகோல்தான் டெசிபல். அது மடங்குகளில் ஏறுகிற அளவுகோல். 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகும்; 10 கூடினால் பத்து மடங்காகும். ஆனால் பத்து மடங்கு ஆற்றலை நம் செவி ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் உணர்கிறது. சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவில் இருக்கும். ஊர் அடங்கிய பிறகு சன்னலைச் சாத்திய படுக்கையறை 30-ஐ ஒட்டி இருக்கும்.

இந்த மடங்குக் கணக்கிலிருந்து கணினி வாங்குபவருக்குப் பயன்படும் இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. தலா 25 டெசிபல் சத்தம் போடும் இரண்டு விசிறிகள் சேர்ந்தால் 50 ஆகாது, 28 ஆகும். ஒன்று 35, இன்னொன்று 25 என்றால் மொத்தம் 35-ஐச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எனவே மிகச் சத்தமான பாகத்தை விட்டுவிட்டு மற்ற எதை மாற்றினாலும் செலவழித்த பணம் காதுக்குத் தெரியாது. இரண்டாவது உண்மை இன்னும் ஆறுதலானது: கணினி முழு ஊமையாக இருக்கத் தேவையில்லை. அறையின் இயல்பான சத்தத்தைவிடப் பத்து டெசிபல் கீழே இருந்தால் அது பெரும்பாலும் அதற்குள் மறைந்துவிடும். மின்விசிறி ஓடும் கூடத்தில் கணினியின் சத்தத்தைப் பற்றி யாரும் கவலைப்படாததற்கு இந்த மறைப்புதான் காரணம். கதவைச் சாத்தி, ஏசியை மெல்ல ஓடவிட்டு, விளக்கை அணைத்த பிறகுதான் அது வெளியே வருகிறது.

செவியும் எல்லா ஒலிகளையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர், வெவ்வேறு சுருதியுள்ள ஒலிகளை ஆட்களுக்குக் கேட்கவைத்து, எது எதற்குச் சமமான சத்தமாகத் தெரிகிறது என்று ஒப்பிட்டு வரைபடங்களாக வெளியிட்டார்கள். மெல்லிய ஒலிகளில், தாழ்ந்த சுருதி நமக்கு மிகக் குறைவாகவே கேட்கிறது. நொடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வு வரையுள்ள பகுதியில் செவி மிகக் கூர்மையாக இருக்கிறது. காதுத் துளையின் நீளம் அந்தப் பகுதி ஒலிகளுக்கு ஒத்ததிர்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்த ஆய்வின் வழியே பிறந்த ஒரு திருத்தத்தைச் சேர்த்துத்தான் இன்று பொருள்களின் சத்தத்தை அச்சிடுகிறார்கள். டெசிபல் என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஏ’ என்ற எழுத்து இருக்கும். ஆனாலும் அந்த ஒற்றை எண் முழுக் கதையைச் சொல்லிவிடாது. ‘ஸ்...’ என்று பரந்து ஒலிக்கும் காற்றின் சத்தத்தையும், ஒரே சுருதியில் ‘ஈ...’ என்று இழுக்கும் கீச்சொலியையும் ஒரே எண்ணால் குறிக்கலாம். முதலாவதை மறந்து படத்தில் ஆழ்ந்துவிட முடியும். இரண்டாவதை முடியாது.

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்களை நம்பலாமா? கணினிக் கருவிகளின் சத்தத்தை அளப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 7779 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. எதிரொலி அடக்கப்பட்ட அறையில், குறித்த இடங்களில் ஒலிவாங்கிகளை வைத்து அளக்கும் முறை அது. விசிறி விற்பவர்கள் எல்லோரும் இதைப் பின்பற்றுவதில்லை. எவ்வளவு தொலைவிலிருந்து அளந்தார்கள் என்பதே பல பெட்டிகளில் இருக்காது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் 6 டெசிபல் குறைந்துவிடும் என்பதால், தொலைவு சொல்லாத எண்ணுக்குப் பொருளே இல்லை. வீட்டில் நாமே கைபேசிச் செயலியால் அளந்து பார்க்கலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு தடை உண்டு. கைபேசியின் நுண் ஒலிவாங்கியே தன் சொந்த மின்னிரைச்சலால் 30 டெசிபலை ஒட்டிய ஒரு தரையை உண்டாக்கிவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள எதுவும் அதற்குத் தெரியாது. ஓர் அமைதியான கணினியை மதிப்பிட இன்றும் மிகச் சிறந்த கருவி, இரவு பதினொரு மணிக்கு வழக்கமாக உட்காரும் இடத்தில் இருக்கும் உங்கள் காதுதான்.

இனி முதல் கண்ணிக்குப் போவோம். 4கே படத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். நொடிக்கு 24 சட்டகம் என்றால், ஏறத்தாழ 20 கோடி புள்ளிகளின் நிறத்தையும் ஒளியையும் நொடிதோறும் திரைக்கு அனுப்ப வேண்டும். இதை அப்படியே இணையத்தில் அனுப்ப முடியாது. அதனால் நூறு மடங்குக்கு மேல் சுருக்கி அனுப்புகிறார்கள். ‘இந்தப் பகுதி போன சட்டகத்தில் இருந்ததேதான், சற்று இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது’ என்பது போன்ற குறிப்புகளின் தொகுப்பாகத்தான் படம் நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. அந்தக் குறிப்புகளைப் படித்து மீண்டும் புள்ளிகளாக விரிக்கும் வேலைக்குக் குறிநீக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். சுருக்கும் முறைகள் காலத்தோடு மாறியிருக்கின்றன: 2003-இல் எச்.264, 2013-இல் எச்இவிசி, 2018-இல் ஏவி1. ஒவ்வொன்றும் முந்தையதைவிட நன்றாகச் சுருக்கும். விரிப்பதற்கும் முந்தையதைவிட அதிகக் கணக்கு கேட்கும்.

இந்தக் கணக்கை இரண்டு வழிகளில் செய்யலாம். ஒன்று, கணினியின் செயலியில் (சிபியு) உள்ள பொதுக் கருக்களே மென்பொருளின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் செய்வது. இன்னொன்று, இந்த ஒரே வேலைக்காகச் சில்லுக்குள் வெட்டி வைத்த தனிச் சுற்று செய்வது. தேர்ந்த கை கைமுறுக்கு சுற்றுவதையும் அச்சில் மாவை வைத்து முறுக்குப் பிழிவதையும் நினைத்துப் பாருங்கள். கை எதையும் செய்யும், சீடையும் உருட்டும், அதிரசமும் தட்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கவனமும் உழைப்பும் போகும். அச்சுக்கு முறுக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த ஒன்றை அது ஓர் அழுத்தில் முடித்துவிடும். பொதுக் கருக்கள் பல பத்து வாட் செலவழித்துத் திணறும் படத்தைத் தனிச் சுற்று சில வாட்டில் விரித்துவிடுகிறது. கைபேசி விசிறியில்லாமல் ஓட்டுவதன் மர்மம் இதுதான். பெரிய கணினி இரைகிறது என்றால், பெரும்பாலும் அந்தப் படத்தின் சுருக்க முறைக்கான அச்சு அதற்குள் இல்லை. அல்லது இருந்தும் மென்பொருள் அதைப் பயன்படுத்தவில்லை. இதை நீங்களே சோதிக்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு பகுதிக்குப் போனால், வீடியோ டிகோட் என்று ஒரு தனிக் கோடு இருக்கும். படம் ஓடும்போது அந்தக் கோடு எழும்பி, சிபியு கோடு தரையில் கிடந்தால் அச்சு வேலை செய்கிறது. சிபியு கோடு உச்சியில் இருந்தால் கை சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆக, வரவேற்பறைக் கணினிக்குச் செயலி வாங்கும்போது எத்தனை கரு, எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, ஏவி1-ஐயும் பத்து பிட் எச்இவிசியையும் விரிக்கும் தனிச் சுற்று இருக்கிறதா என்பதே. இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையின் மடிக்கணினிச் செயலிகள் 2020-இல் வந்ததிலிருந்து, உள்ளமைந்த வரைகலைப் பகுதி ஏவி1-ஐ விரிக்கிறது. பெயரின் இறுதியில் ‘எஃப்’ எழுத்துள்ள இன்டெல் செயலிகளில் வரைகலைப் பகுதியே இயங்காது. விலை குறைவு என்று அதை வாங்கினால் தனி வரைகலை அட்டை தேவைப்படும், அதன் விசிறியும் கூடவே வீட்டுக்குள் வரும். ஏஎம்டியின் ரைசன் 5600ஜி நல்ல செயலிதான். ஆனால் அதில் ஏவி1 அச்சு கிடையாது. சிறிய கேபினட்டுகளுக்குப் பலர் விரும்பி வாங்கும் ரேடியான் ஆர்எக்ஸ் 6400 அட்டையிலும் இல்லை, அதே குடும்பத்தின் பெரிய அட்டைகளில் இருந்தும்கூட. மறுபுறம், 2023-இல் வந்த இன்டெல் என்100 என்ற எளிய நான்கு கருச் செயலி 6 வாட் என்று குறிக்கப்பட்டது. அதற்குள் ஏவி1 அச்சு இருக்கிறது. படம் பார்ப்பது மட்டுமே வேலை என்றால் அதுவே போதும் என்பேன்.

கூடவே விளையாட்டும் வேண்டும் என்பவர்கள் பெரிய செயலி வாங்கலாம். அதை அடக்கி ஓட்டும் வழி உண்டு. சில்லில் செலவாகும் மின்சாரம் இரண்டைப் பொறுத்தது: எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது, எவ்வளவு மின்னழுத்தத்தில் துடிக்கிறது. வேகம் பத்து விழுக்காடு குறைந்தால் செலவும் பத்து விழுக்காடு குறையும். மின்னழுத்தத்தின் பிடி இன்னும் இறுக்கமானது. அது பத்து விழுக்காடு குறைந்தால் செலவு 19 விழுக்காடு குறையும். குறைந்த வேகத்துக்குக் குறைந்த அழுத்தம் போதும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். பத்து விழுக்காடு வேகத்தை விட்டுக்கொடுத்தால் கால் பங்குக்கு மேல் வெப்பம் போய்விடும். 65 வாட் என்று விற்கப்படும் கோர் ஐ5-13400 செயலி, கட்டுப்பாடு இல்லாவிட்டால் 148 வாட் வரை ஏற அனுமதி உள்ளது. பல மதர்போர்டுகளின் பயாஸ் அமைப்பில் இந்த மின் உச்சவரம்பை நாமே குறைக்கலாம். ஒரு பைசா செலவில்லை. இரைச்சலைக் குறைக்க இதைவிடப் பலன் தரும் வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை.

மிச்சமுள்ள வெப்பத்தைச் சில்லிலிருந்து வெளியேற்ற வேண்டும். செயலியின் மூடியும் ஹீட் சிங்க்கின் அடிப்பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணிய அளவில் மேடும் பள்ளமுமானவை. இடையில் சிக்கும் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசம். செம்பு அதைவிடப் பதினைந்தாயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பசை தடவுகிறோம். அதற்கு மேல் இருப்பதுதான் எனக்கு இந்தக் கணினியிலேயே மிகவும் பிடித்த பாகம்: வெப்பக் குழாய். கடையில் ஹீட் பைப் என்றுதான் கேட்க வேண்டும். பார்வைக்கு ஒரு செம்புக் கம்பி. உண்மையில் அது இருபுறமும் அடைத்த குழாய். உட்சுவரில் நுண்துளைப் படலம், உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் நீர். காற்றழுத்தம் இல்லாததால் நீர் 40 டிகிரியிலேயே கொதிக்கும். செயலியின் பக்கம் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு விரைந்து, அங்கே நீராகி வெப்பத்தை ஒப்படைத்துவிட்டு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதற்குக் காரணமான அதே நுண்புழை விசையால் படலத்தின் வழியே திரும்பி வருகிறது. பம்பு இல்லை, நகரும் பாகம் இல்லை, சத்தம் இல்லை.

நீர் ஆவியாகும்போது எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்று கணக்குப் போட்டால் இதன் திறமை விளங்கும். 60 வாட் வெப்பத்தைச் சுமக்க, இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு நீர் ஆவியானால் போதும். இந்த எண்ணம் இரண்டு முறை பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸில் கௌக்ளர் என்பவர் குளிர்பதனப் பெட்டிக்காக இதை யோசித்து, 1944-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. பிறகு 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர், விண்கலங்களின் அணுமின் கருவிகளுக்காகத் தனியாகவே இதைக் கண்டடைந்தார். விண்வெளியில் வெப்பத்தை எடையில்லாமல், பழுதில்லாமல் கடத்த அவர் தேடிய வழிதான் இன்று சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண சிபியு கூலருக்குள் இருக்கிறது.

வெப்பம் ஹீட் சிங்க்கின் துடுப்புத் தகடுகளுக்கு வந்துவிட்டது. இனி காற்று. எவ்வளவு காற்று வேண்டும்? 50 வாட் வெளியிடும் கணினிக்குள் நுழையும் காற்று, வெளியேறும்போது 10 டிகிரி சூடாகியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு நான்கு லிட்டரைச் சற்றுத் தாண்டினால் போதும். ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி சோம்பலாகச் சுற்றினாலே இதைவிட அதிகம் தள்ளும். முதல் கண்ணியில் வாட்டைக் குறைத்ததன் பரிசு இங்கேதான் கைக்கு வருகிறது.

விசிறி ஏன் இரைகிறது என்பதற்கு நல்ல விளக்கம் கிடைத்தது ஜெட் விமானங்களின் பிரச்சினையிலிருந்து. 1952-இல் ஜேம்ஸ் லைட்ஹில், காற்றின் கொந்தளிப்பே எப்படி ஒலியை உண்டாக்குகிறது என்று கோட்பாடாக நிறுவினார். ஜெட்டின் ஒலியாற்றல், வேகத்தின் எட்டாம் படியாக ஏறும் என்பது அதன் முடிவு. 1955-இல் கர்ல் அதை விரிவாக்கி, காற்று ஒரு திடப்பொருளின் மேல் மோதும்போது அது ஆறாம் படியாக ஏறும் என்று காட்டினார். விசிறி அலகு காற்றை வெட்டுவது இந்த வகை. விசிறிகளை அளந்து பார்த்த பொறியாளர்கள் நடைமுறையில் ஐந்தாம் படியை ஒட்டியே கணக்கிடுகிறார்கள். இதன் பொருள் மிகப் பெரியது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகத்தான் குறையும். ஒலியாற்றலோ முப்பதில் ஒரு பங்காகிவிடும், அதாவது 15 டெசிபல் இறக்கம். வேகம்தான் எதிரி. அதே காற்றை மெதுவாகத் தள்ள ஒரே வழி, விசிறியைப் பெரிதாக்குவது. 80 மில்லிமீட்டர் விசிறி தரும் காற்றை 120 மில்லிமீட்டர் விசிறி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த வேகத்தில் தந்துவிடும். விட்டம் கூடுவதால் ஏறும் சத்தத்தையும் கழித்துவிட்டால், சுமார் 14 டெசிபல் லாபம். சிறிதாக இருந்தால் அமைதியாக இருக்கும் என்று நம்பி உள்ளங்கை அளவு மினி பிசி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதற்குள் இருக்கும் சின்னஞ்சிறு விசிறி அதே வெப்பத்தைத் தள்ள வெறி பிடித்தாற்போல் சுற்ற வேண்டியிருக்கிறது. அதன் கீச்சொலி விழுவதும் நம் செவி மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியில்தான்.

விசிறிக்கு முன்னால் தகரத்தில் துளையிட்ட சல்லடை இருந்தால், அந்தத் துளைகளின் விளிம்பில் காற்று கிழிந்து சத்தம் கூடும். கம்பி வளையம் எவ்வளவோ மேல். நல்ல விசிறிகளில் அலகுகளின் எண்ணிக்கை 7 அல்லது 9 என்று ஒற்றைப்படையில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பின்னால் தாங்கும் கால்கள் பெரும்பாலும் நான்கு. இரண்டும் ஒரே எண்ணாகவோ மடங்காகவோ இருந்தால் பல அலகுகள் ஒரே நேரத்தில் கால்களைக் கடந்து, ஒரே சுருதியில் முழங்கும். வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு நான்கு ஊசி இணைப்புள்ள விசிறி நல்லது. அதற்கான கட்டளைத் துடிப்பு நொடிக்கு 25,000 முறை என்று இன்டெல் வகுத்திருக்கிறது. அது மனிதச் செவிக்கு எட்டாத உயரம்.

ஒரு சீரான மெல்லிய இரைச்சலைச் சிறிது நேரத்தில் மனம் ஒதுக்கிவிடும். ஏறி இறங்கும் இரைச்சலை ஒதுக்காது. இதனால் பயாஸில் விசிறி வளைவை (எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்பதை) அமைக்கும்போது, வெப்பம் ஐந்து டிகிரி ஏறியதும் துள்ளி எழாமல், 65 அல்லது 70 டிகிரி வரை ஒரே குறைந்த வேகத்தில் ஓடும்படி வைக்கலாம். வேகம் மாறுவதற்குச் சில நொடித் தாமதம் கொடுக்கும் வசதியும் பல போர்டுகளில் உண்டு. இன்றைய செயலிகள் நூறு டிகிரி அருகே வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை; எழுபதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வன்தட்டின் கதை வேறு. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு நொடிக்கு 120 முறை அதிர்கிறது. 5,400 என்றால் 90. காற்றின் வழியே வரும் அதன் ஒலி மெல்லியதுதான். சிக்கல், அந்த அதிர்வு திருகாணி வழியே கேபினட்டுக்கும், கேபினட்டிலிருந்து மர அலமாரிக்கும் இறங்கி, அலமாரியின் பெரிய பலகையே ஒலிபெருக்கியாகிவிடுவது. கைபேசியை அதிர்வில் வைத்து மர மேசையில் கிடத்துங்கள். பிறகு மடித்த துண்டின் மேல் கிடத்துங்கள். அதிர்வு ஒன்றுதான், கேட்பது முற்றிலும் வேறு. வன்தட்டுக்கு ரப்பர் வளையங்கள் போட்டுத் திருகுவதும் கேபினட்டுக்கு மென்மையான கால்கள் வைப்பதும் இதற்காக. ஆனால் இன்று நான் யாருக்கும் அந்தச் சிரமத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். கணினிக்குள் ஓர் எஸ்எஸ்டி மட்டும் போதும். படத் தொகுப்பு பெரிதாக இருந்தால், சுழலும் வன்தட்டுகளை வலையிணைப்புப் பெட்டியில் போட்டு வேறு அறையில் வைத்துவிடலாம். சுவரைவிட நல்ல ஒலித்தடுப்பான் கிடையாது.

நுரைப்பஞ்சு ஏன் கைகொடுப்பதில்லை என்பதும் அலையின் நீளத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். உறிஞ்சும் படலம் அலைநீளத்தில் கால் பங்கு தடிமனாவது இருந்தால்தான் நன்றாக உறிஞ்சும். 4,000 அதிர்வுள்ள கீச்சொலியின் அலைநீளம் எட்டரை சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் பஞ்சு அதை விழுங்கும். 100 அதிர்வுள்ள உறுமலின் அலைநீளம் 3.4 மீட்டர். அதற்கு முக்கால் மீட்டருக்கும் மேல் தடித்த பஞ்சு வேண்டும். கேபினட்டில் ஒட்டிய மெல்லிய பஞ்சு உறுமலை அப்படியே விட்டுவிடுகிறது, காற்றின் வழியை மட்டும் குறுக்குகிறது. விசிறி இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியதாகிறது. காற்றோட்டமுள்ள வலைமுகக் கேபினட் பல நேரங்களில் பஞ்சு ஒட்டியதைவிட அமைதியாக இருப்பது இதனால்தான்.

விசிறியையும் வன்தட்டையும் அடக்கிய பிறகு, அதுவரை மறைந்திருந்த ஒரு மெல்லிய கீச்சொலி சிலருக்குக் கேட்கத் தொடங்கும். போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் உள்ள கம்பிச் சுருள்கள் மின்னோட்டம் மாறும்போதெல்லாம் காந்த விசையால் இம்மியளவு அசைகின்றன. பீங்கான் மின்தேக்கிகள் மின்னழுத்தம் மாறும்போது இம்மியளவு சுருங்கி விரிகின்றன. மின்னோட்டம் எவ்வளவு பெரிதாக ஏறி இறங்குகிறதோ அவ்வளவு சத்தம். வாட் குறைவான கணினியில் இதுவும் தானாகவே தணியும். எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது 750 வாட் போன்ற பெரியதைத் தேடுவது வீண். 80 பிளஸ் கோல்டு தரச்சான்று 20 விழுக்காடு சுமையிலிருந்துதான் திறனுக்கு உறுதி தருகிறது; 40 வாட் மட்டுமே கேட்கும் கணினியை 750 வாட் பெட்டியில் மாட்டினால், அது சான்று தொடாத பகுதியில் ஓடி, கூடுதல் வெப்பத்தையே தரும். சிறிய தேவைக்கு மடிக்கணினியின் சார்ஜரைப் போல வெளியே இருக்கும், விசிறியில்லாத அடாப்டர் நல்ல தேர்வு.

விசிறியே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களுக்கு, வெப்பக் குழாய்களைக் கேபினட்டின் சுவருக்கே கொண்டுபோய், அலுமினிய உடல் முழுவதையும் ஹீட் சிங்க் ஆக்கும் பெட்டிகளை ஸ்ட்ரீகாம், அகாசா போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. வெப்பத்தில் ஒரு பங்கு மேலெழும் காற்றோடு போகும், இன்னொரு பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகப் போகும். பளபளக்கும் அலுமினியம் இந்தக் கதிரை மிக மோசமாகவே வெளியிடும். அனோடைஸ் செய்து ஆக்சைடு படலம் ஏற்றிய அலுமினியம் நன்றாக வெளியிடும். அதன் நிறம் கறுப்பா வெள்ளியா என்பது இதில் பெரிய பொருட்டில்லை.

ஆனால் வெளிநாட்டு மதிப்பீடுகளை அப்படியே நம்பி இந்தப் பெட்டிகளை வாங்க வேண்டாம். வெப்பம் ஓடுவது வேறுபாட்டை நம்பி. 22 டிகிரி அறையில், 85 டிகிரி வரை அனுமதிக்கப்பட்ட செயலிக்கு 63 டிகிரி இடைவெளி இருக்கிறது. மே மாதத்துச் சென்னையில் ஏசி போடாத கூடம் 35 டிகிரி என்றால் இடைவெளி 50. அதே பெட்டி வெளியேற்றக்கூடிய வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. 65 வாட் என்று எழுதியிருந்தால் நமக்கு 50 என்று எடுத்துக்கொள்வதே நியாயம். கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். கணினி தன் சொந்தச் சூட்டையே திரும்ப உறிஞ்சும். கதவை எடுத்துவிட வேண்டும், அல்லது பின்பலகையில் மேலும் கீழும் துளை போட வேண்டும். நம் ஊரின் தூசியும் ஓர் எதிரி. துடுப்புத் தகடுகளுக்கிடையே படியும் மெல்லிய படலம் காற்றை மறித்து, மாதாமாதம் சிறிது சிறிதாக விசிறியின் வேகத்தை ஏற்றிவிடும். கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி உள்ள கேபினட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

ஏற்கெனவே ஒரு கணினி இருக்கிறதென்றால் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், இரவில் ஒரு படத்தை ஓடவிட்டுக் கேபினட்டைத் திறந்து, பயாஸிலோ மென்பொருளிலோ விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக் கேளுங்கள். எதை நிறுத்தும்போது அறை சட்டென்று விரிந்தாற்போல் இருக்கிறதோ, அதுதான் முதலில் மாற்ற வேண்டியது. செயலியின் விசிறியை மட்டும் சில நொடிகளுக்கு மேல் நிறுத்தி வைக்க வேண்டாம். கேபினட்டில் நான்கு விசிறிகள் இருந்தால் இரண்டின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, படம் முழுவதும் வெப்பநிலையைக் கவனியுங்கள். 75 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் அந்த இரண்டையும் கழற்றி எடுத்துவிடலாம்.